சிவப்பாகத் தொங்கிய வில்லை

போர்ட்லண்ட்
16 ஜூலை 1968

திரு. பெல்லெட்டியர் அவர்களுக்கு,

உங்களை இப்படி அழைத்து எழுதுவது எனக்கே விசித்திரமாக இருக்கிறது. எட்டு வயதில் உங்கள் ஏரிக்கரைக் கோடை முகாமுக்கு முதன்முதலாக வந்த நாளிலிருந்து ஆல்சிட் என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அத்தனை பெற்றோர் முன்னால், சொட்டச் சொட்ட நனைந்த சட்டையோடு நின்றுகொண்டு, "இந்தக் கரையில இனிமே உன் கால் படக் கூடாது" என்று சொன்னவரை அப்படிக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.

நடந்தது இவ்வளவுதான். பெற்றோர் வந்து பார்க்கும் நாள். மதியச் சாப்பாடு முடிந்து லிடியா நீந்திக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன், வந்தாள். பாலத்தடிக் கடையில் ஐஸ்கிரீம் வாங்கித் தரலாம் என்று காரில் ஏற்றிக்கொண்டேன். பகல் அழகாக இருந்ததால் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினேன். உங்களிடம் சொல்லாமல் போனது தப்புதான். ஒன்பது வயதுப் பெண், கரையேறியதும் நீச்சல் பலகையில் தன் மரவில்லையைத் திருப்பி மாட்ட மறந்துவிட்டாள். அதுவும் தப்புதான்.

நான் சிறுமியாக இருந்தபோதும் அந்தப் பலகை அதே இரண்டு பைன் மரங்களுக்கு நடுவில்தான் இருந்தது. தண்ணீரில் இறங்கும்போது அவரவர் மரவில்லையைச் சிவப்புப் பக்கம் திருப்ப வேண்டும், கரையேறினால் வெள்ளைப் பக்கம். நாங்கள் மறக்காத வாரம் உண்டா? ஒரு நாள் இனிப்பை நிறுத்துவீர்கள். அதோடு முடிந்துவிடும். இப்போது அதே மறதிக்காக ஊரையே ஏரிக்குள் இறக்கி, போலீசைக் கூப்பிட்டு, ஒரு பெட்ரோல் பங்க்கில் என் மகளின் கண்ணெதிரே என்னைக் காரை விட்டு இறங்க வைத்திருக்கிறீர்கள்.

லிடியா என்னிடமா, அவள் அப்பாவிடமா என்ற வழக்கு முடியும்வரை அவள் உங்கள் பொறுப்பில் முகாமில் இருக்கட்டும் என்று நீதிபதி சொன்னபோது நான் மறுபேச்சுப் பேசவில்லை. வாரனும் பேசவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன கடைசி விஷயம் நீங்கள்தான். ஞாயிறுகளில் அவளைப் பார்க்க எனக்கு உரிமை இருக்கிறது. வரும் ஞாயிறு வருவேன்.

ஹாரியட் ஸ்ட்ராண்ட்


மினோட் ஏரி
20 ஜூலை

ஹாட்டி,

உன் கடிதத்தைப் பெர்னிஸ் இரண்டு தடவை படித்துக் காட்டினாள். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரிந்ததுதான். என் மனைவி இருந்தவரை அவள் எழுதினாள், இப்போது சமையலறையிலிருந்து பெர்னிஸ் வந்து எழுதுகிறாள். நான் சொல்வதைச் சொன்னபடி எழுதச் சொல்லியிருக்கிறேன். கெட்ட வார்த்தை மட்டும் எழுத மாட்டாளாம். அதனால் அங்கங்கே கடிதம் கொஞ்சம் மரியாதையாகத் தெரிந்தால் அது அவளுடைய மரியாதை.

ஐஸ்கிரீம் என்கிறாய். பாலத்தடிக் கடை வடக்கே இருக்கிறது. உன்னைப் பிடித்தது மேற்கே, நியூ ஹாம்ப்ஷயர் மாநில எல்லைக்கு எட்டிப்பிடிக்கிற தூரத்தில். திரும்பிக் கூட்டி வந்து நம் முற்றத்தில் போலீஸ்காரர் உன் டிக்கியைத் திறந்தபோது பக்கத்திலேயே நின்றேன். லிடியாவின் குளிர்காலக் கோட்டு இருந்தது. பழுப்புக் கம்பளி, கழுத்தில் முயல் ரோமம். ஜூலை மாதத்தில் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு தின்கிற ஐஸ்கிரீமை நான் கேள்விப்பட்டதில்லை.

நீ அங்கே இல்லை, ஆகவே சொல்கிறேன். நீச்சல் சொல்லித் தருகிற மார்ஜி விசில் அடித்தாள், பிள்ளைகள் எல்லாரும் கரையேறினார்கள், வில்லையைத் திருப்பினார்கள். பலகையில் ஒன்று மட்டும் சிவப்பு. அதில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் எந்த ஆணி யாருடையது என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு வந்திருந்த தாய் தகப்பன்மார் கைகோத்து வரிசையாகத் தண்ணீருக்குள் நடந்தார்கள், காலில் ஏதாவது தட்டுப்படுகிறதா என்று. தட்டுப்பட வேண்டும் என்று தேடுவதா, தட்டுப்படக் கூடாது என்று தேடுவதா? பாங்கர் ஊரிலிருந்து முதல் தடவை வந்த ஒரு மனிதர், கையில் தங்கக் கடிகாரத்தோடு கழுத்தளவு தண்ணீருக்குப் போனார். அடியில் கிடந்த மரக்கட்டை காலில் பட்டு அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மார்ஜி காலேஜில் படிக்கிற பெண். படகுக் கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள், வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி இறங்கினாள். நான் படகுத்துறைக்கு அடியில் மூழ்கி மூழ்கிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வெறுங்கையோடு மேலே வந்தேன். அதற்குச் சந்தோஷப்படக்கூட முடியவில்லை, அடுத்த தடவை இருக்கிறதே.

உன்னைத் திட்டியது அதனால்தான். திட்டினதைத் திரும்ப எடுத்துக்கொள்கிற உத்தேசம் இல்லை.

ஞாயிறு வராதே. கோர்ட்டிலும் சொல்லிவிட்டேன், சரி என்றார்கள். வாரனையும் வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. உனக்கு மூடின கதவை அவனுக்குத் திறந்து வைக்க மாட்டேன்.

பிள்ளை சாப்பிடுகிறாள். ஆனால் அன்றையிலிருந்து தண்ணீரில் கால் வைக்கவில்லை. மற்றவர்கள் நீந்தும்போது படிக்கட்டில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு பார்க்கிறாள்.

ஆல்சிட்


போர்ட்லண்ட்
25 ஜூலை

ஆல்சிட்,

கோட்டை நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்று தெரிந்த பிறகு நடிக்க என்ன இருக்கிறது. ஐஸ்கிரீம் இல்லை. நாட்டின் மறுகோடியில், ஓரிகானில் என் அக்கா இருக்கிறாள். அவளிடம் போய்க்கொண்டிருந்தேன். நாடு முழுவதும் குறுக்கே ஓட்டிப் போய்விட்டால், அதற்குப் பிறகு யார் என்ன செய்ய முடியும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை. பயந்தேன்.

உங்களுக்கு வாரனைக் கோடையில் ஒரு வாரம்தான் தெரியும், மீன் பிடித்துக்கொண்டு, உங்கள் கதைகளுக்குச் சிரித்துக்கொண்டு இருக்கிற வாரனை. வூஸ்டரில் அவனுடைய அம்மாவின் வீட்டில் லிடியாவுக்கு ஒரு அறை தயாராக இருக்கிறது, சுவருக்கு அலங்காரத் தாள்கூட ஒட்டிவிட்டார்கள். எனக்கு இங்கே ஒற்றை அறை, தட்டச்சு வேலை, தரையில் ஒரு மெத்தை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு நீதிபதி பார்த்தால் என்ன சொல்வார்? "குழந்தையைப் பாக்கணும்னா லெட்டர் போட்டுட்டு வா" என்று வாரன் படிக்கட்டில் நின்று என்னிடம் சொன்னான். என் மகளை நான் லெட்டர் போட்டுவிட்டுப் பார்க்க வேண்டுமாம்.

அவனுடைய வக்கீல் உங்களைத் தேடி வருவார். ஆகஸ்டு கடைசியில் விசாரணை. உங்களிடம் நான் இதுவரை எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். கோட்டைப் பற்றிச் சொல்லாதீர்கள். காரில் வெளியே போகிறோம் என்று நான் முன்பே உங்களிடம் சொன்னதாகவும், நீங்கள்தான் மறந்து பதறிவிட்டதாகவும் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வயதானவர், மறந்திருப்பார் என்று எல்லாரும் விட்டுவிடுவார்கள். இல்லாவிட்டால் லிடியா என்னிடம் வர மாட்டாள். அவ்வளவுதான் விஷயம்.

நான் எழுதுகிற எதற்கும் அவள் பதில் போடுவதில்லை. அவளிடம் கொடுக்கிறீர்களா, இல்லை நீங்களே வைத்துக்கொள்கிறீர்களா?

ஹாரியட்


மினோட் ஏரி
31 ஜூலை

ஹாட்டி,

நான் மறந்துவிட்டதாகச் சொல்ல வேண்டுமாம். பெர்னிஸ் இதைப் படித்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உங்க மறதிய இந்த ஜில்லாவுல எவன் நம்புவான்?" என்றாள். நீ முதன்முதலில் வந்த வருஷம் எந்தக் குடிலில், எந்தக் கட்டிலில் படுத்தாய், உன் தகப்பனார் உன்னை இறக்கிவிட்டு எந்தத் தொப்பியை மறந்து வைத்துவிட்டுப் போனார், அதை நீ எத்தனை நாள் தலையணையில் மாட்டி வைத்திருந்தாய் என்று கேட்டால் சொல்வேன். என்னைப் போய் மறதிக்காரன் ஆக்குகிறாய்.

உன் கடிதங்களை வந்த அன்றைக்கே அவள் கையில் கொடுத்துவிடுகிறேன். அடுத்தவர் கடிதத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன், படிக்கவா? எல்லாம் அவள் தலையணைக்கடியில் இருக்கின்றன. உறையைப் பிரிக்கவில்லை. தூக்கியும் போடவில்லை.

வக்கீல் வந்தார். நல்ல சப்பாத்து, நம் பாதைச் சேற்றில் போச்சு. கையோடு தட்டச்சு அடித்த தாள் கொண்டுவந்திருந்தார். "நீங்க ஒண்ணும் சிரமப்பட வேண்டாம் பெரியவரே, எல்லாம் எழுதியாச்சு. கீழ ஒரு கோடு போட்டுக் குடுத்தாப் போதும்" என்றார்.

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே. அதுக்குள்ள எப்படி எழுதினீங்க?" என்றேன்.

"உங்க சார்பா வாரன் சொன்னாரு."

"அப்ப வாரனையே கோடு போடச் சொல்லுங்க."

பெர்னிஸை விட்டுப் படிக்கச் சொன்னேன். கோட்டு இருந்தது, எல்லை இருந்தது. அது சரி. அதோடு, நீ குழந்தை வளர்க்க லாயக்கில்லாதவள் என்றும், பல வருஷமாக நான் அதைக் கண்கூடாகப் பார்த்து வருவதாகவும் இருந்தது. நான் கோடு போட மாட்டேன் என்றேன். "அப்ப கோர்ட்டுக்கு வர வேண்டியிருக்கும்" என்று மிரட்டிப் பார்த்தார். "வர்றேன். வாயால சொல்றேன்" என்றேன். பெர்னிஸ் அவருக்குக் காப்பி கொடுக்கவில்லை. இங்கே அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

அதனால் உன் பக்கம் வந்துவிட்டேன் என்று எண்ணிவிடாதே. அவருக்காக ஒரு பொய்யின் கீழ் கோடு போடவில்லை. உனக்காகவும் போட மாட்டேன். இந்தப் பிள்ளை என் கரையில் பத்திரமாக இருப்பாள் என்று நான் கொடுத்த வாக்கில்தான் நீதிபதி அவளை இங்கே விட்டார். நீ மீறினது அவர் சொன்னதை மட்டும் இல்லை.

ஆல்சிட்


போர்ட்லண்ட்
5 ஆகஸ்டு

ஆல்சிட்,

உங்கள் வாக்கு, உங்கள் கரை, உங்கள் பலகை. மூன்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் இழக்கப்போவது என் மகளை.

நியாயவாதியாக நடுவில் நிற்பது உங்களுக்குச் சுலபம். பிள்ளைகள் ஜூனில் வருவார்கள், ஆகஸ்டு முடிந்தால் போய்விடுவார்கள், அடுத்த வருஷம் வேறு பிள்ளைகள். இதுவரை ஒரு பிள்ளையையும் கேட்டுக்கொண்டு நீங்கள் கோர்ட் படியேறியதில்லை. உங்களுக்குப் பிள்ளை இல்லை என்பதை இப்படிச் சுட்டிக்காட்டுவது அநாகரிகம் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அன்று காரில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? லிடியா துண்டைப் போர்த்திக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் கணப்பைச் சுற்றி உட்கார்ந்து நீங்கள் எல்லாரும் பாடுகிற பாட்டை, வழி முழுக்கப் பாடிக்கொண்டே வந்தாள். "அம்மாவோட வர்றது சந்தோஷமா இருக்கா?" என்று கேட்டேன். தலையாட்டினாள். ஒரு தடவைகூட எங்கே போகிறோம் என்று கேட்கவில்லை. அழவில்லை. போலீஸ்காரர் கண்ணாடியைத் தட்டும்வரை அவள் பாடிக்கொண்டிருந்தாள்.

அவள் என்னோடு வர விரும்பினாள். பார்த்ததை எல்லாம் சொல்வேன் என்கிறீர்களே, இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம்பிக்கை இல்லையென்றால் அவளையே கேட்டுப் பாருங்கள்.

ஹாரியட்


மினோட் ஏரி
11 ஆகஸ்டு

ஹாட்டி,

பிள்ளை இல்லாதவன் என்று எழுதியிருந்ததைப் பெர்னிஸ் படிக்காமல் தாவினாள். குரல் தடுக்கியதும் எனக்குத் தெரிந்துவிட்டது, படிக்க வைத்தேன். இருக்கட்டும்.

அவளையே கேட்கச் சொன்னாய். நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். நீ கோபத்தில் இருக்கும்போது இதைச் சொல்லக் கூடாது, ஆனால் விசாரணைக்கு முன்னால் நீ கோபம் ஆறி உட்காருவாய் என்று எனக்குத் தோன்றவில்லை. உட்கார்ந்து படி.

சனிக்கிழமை பீன்ஸ் வேக வைக்கிற குழி வெட்டிக்கொண்டிருந்தேன். பானையைப் புதைக்கிறதற்கு முன்னால் குழிக்குள் கல்லை அடுக்கிச் சூடேற்ற வேண்டும் அல்லவா. மற்றப் பிள்ளைகள் ப்ளூபெர்ரி பறிக்கப் போய்விட்டார்கள், இவள் கல் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, "வில்லையப் பத்தி என்கிட்ட ஏன் யாருமே கேக்க மாட்டேங்கறீங்க?" என்றாள்.

"கேட்டா என்ன சொல்லுவே?"

"மறக்கல."

நான் மண்வெட்டியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவள் நிறுத்திவிடுவாள் என்று பட்டது.

"பின்ன?"

"வேணும்னுதான் விட்டேன். அம்மா மரத்துக்குப் பின்னால நின்னு கையக் காட்டுனாங்க. வாயில விரல வெச்சுக்கிட்டு. செருப்பு போட வேண்டாம், அப்படியே வான்னாங்க. திரும்ப வர மாட்டோம்னு எனக்குப் புரிஞ்சிருச்சு. வர மாட்டேன்னு சொன்னா அம்மா அழுவாங்க. அதான் அதச் செவப்பாவே விட்டுட்டேன். நான் போயிட்டேன்னு யாருக்காவது தெரியணும்ல."

"கார்ல பாடிக்கிட்டே போனியாமே?"

"அம்மாவோட கை நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. அதுக்குத்தான்."

கல்லை வாங்கி அடுக்கினேன். அடுத்த கல்லை நீட்டிக்கொண்டே, "ரோட்டுல தேடுவீங்கன்னு நெனச்சேன். தண்ணியில தேடுவீங்கன்னு தோணவே இல்ல. நான் செத்துட்டேன்னு மார்ஜி நெனச்சாங்களா?" என்றாள்.

"எல்லாரும் நெனச்சோம்."

"மார்ஜிக்கு என் மேல கோவமா?"

"அத மார்ஜிகிட்ட கேளு. அவளுக்காக நான் பதில் சொல்ல முடியாது."

அப்புறம்தான் முக்கியமானதைக் கேட்டாள். "இத அம்மாகிட்ட சொல்லிருவீங்களா? நான் மறந்துட்டேன்னே அம்மா நெனச்சுக்கட்டுமே."

அவளிடம் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். "சொல்லாம விட்டா நீ சுமக்கணும். சொன்னா அவ சுமக்கணும். ரெண்டு பேர்ல பெரியவ அவதான்" என்றேன். யோசித்துவிட்டு, சரி என்று தலையாட்டினாள். உன்னிடம் காரில் எப்படித் தலையாட்டினாளோ எனக்குத் தெரியாது. இது நன்றாக யோசித்துவிட்டு ஆட்டினது.

பெர்னிஸ் நடுவில் எழுந்துபோய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தாள். வெங்காயம் என்கிறாள்.

ஆல்சிட்


போர்ட்லண்ட்
16 ஆகஸ்டு

ஆல்சிட்,

உங்கள் கடிதம் வந்து சில நாள் ஆகிறது. இதைப் பலமுறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அந்தப் பாட்டு என் காதை விட்டுப் போகவில்லை. அவள் பாடப் பாட நான் வண்டியை வேகமாக ஓட்டினேன். நான் சரியாகத்தான் செய்கிறேன் என்பதற்கு அதைத்தான் சாட்சியாக வைத்திருந்தேன். என் ஒன்பது வயது மகள் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு வந்திருக்கிறாள். அதே நேரத்தில் என்னிடமிருந்து தன்னைக் காப்பாற்ற ஆட்களுக்கு ஏற்பாடும் செய்துவிட்டு வந்திருக்கிறாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதையும் நீதிபதியிடம் சொல்வீர்களா? சொன்னால் அதோடு என் கதை முடிந்தது. வாரனின் வக்கீல் பேசக்கூடத் தேவையில்லை.

ஹாட்டி


மினோட் ஏரி
19 ஆகஸ்டு

ஹாட்டி,

கேட்டால் சொல்வேன்.

ஆனால் சாட்சிக் கூண்டில் முதலில் ஏறுவது நீ. நான் உனக்கு அப்புறம். கோட்டு, எல்லை, ஓரிகான், வில்லை எல்லாவற்றையும் நீயே உன் வாயால் சொல்லிவிட்டால், அதற்குமேல் என்னிடம் கேட்க அவருக்கு என்ன இருக்கும்? சரியா என்று கேட்பார். சரி என்பேன். நீ மறைத்துவிட்டால், ஒவ்வொன்றாக நான் எடுத்து மேஜையில் வைக்க வேண்டி வரும். ஒவ்வொன்றும் உன் மேல் எறிகிற கல்லாக இருக்கும். அந்தக் கல்லை என் கையில் கொடுக்காதே. அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளை உன்னிடம் வருவாள் என்று நான் சொல்ல மாட்டேன். வராமலும் போகலாம்.

இன்னொன்று. இரண்டு வருஷத்துக்கு முன் குடும்ப வாரத்தில், சாப்பாட்டுக் கூடத்தில், மீனை மீதி வைத்தாள் என்று வாரன் அவள் தட்டைக் கவிழ்த்து, விளக்கேற்றுகிற நேரம்வரை அதன் முன்னால் அவளை உட்கார வைத்தது எனக்கு நினைவிருக்கிறது. நீ அப்போது துணி துவைக்கப் போயிருந்தாய். போய் அவளை எழுப்பினது பெர்னிஸ். கேட்டால் அதையும் சொல்வேன். தூண்டில் கட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தவனும் அவன்தான். அதையும் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்குப் பால் லாரியில் வருகிறேன்.

ஆல்சிட்


போர்ட்லண்ட்
24 ஆகஸ்டு

ஆல்சிட்,

பால் லாரி போய்விடும் என்று தீர்ப்புக்கு முன்பே கிளம்பிவிட்டீர்கள். சாவு வீட்டுக்குப் போட்டுப் போகிற அந்தக் கறுப்புக் கோட்டில் உங்களைக் கோர்ட்டில் பார்த்ததும், ஓடிப்போய்விடலாமா என்றிருந்தது. பழக்கம்தானே.

நான் பேசும்போது நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதற்கு நன்றி. பிறகு வில்லையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். என் வக்கீல், "இது தேவையில்லையே அம்மா" என்று கிசுகிசுத்தார். தேவை என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தேன். வாரனின் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். வெற்றி முகமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. அவனும் அதை முதல்முறையாகக் கேட்கிறான்.

உங்களிடம் நீதிபதி, "இந்தம்மா சொன்னதெல்லாம் சரியா?" என்று கேட்டார். "சரி. எனக்குத் தெரியாததையும் சொல்லிட்டா" என்றீர்கள். தட்டைப் பற்றி வாரனே ஒத்துக்கொண்டான், நீங்கள் சொல்லி முடிக்குமுன்.

தீர்ப்பு இது. பள்ளி மாதங்கள் வாரனிடம், வூஸ்டரில். கோடை முழுக்க என்னிடம். ஒரு வருஷம் கழித்து மறுபடி பார்ப்பார்களாம். நான் உத்தரவை மீறாமல் இருந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று நீதிபதி என் முகத்தைப் பார்த்தே சொன்னார். நானாக வந்து உண்மையைச் சொல்லாமல் இருந்திருந்தால் கோடையும் கிடைத்திருக்காதாம்.

பிறகு லிடியாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். கோடையில் அம்மாவோடு எங்கே இருக்க ஆசை என்று கேட்டிருக்கிறார். "ஏரியில" என்றாளாம்.

எனக்கு மிச்சம் இருப்பது கோடை ஒன்றுதான். அதையும் உங்கள் ஏரி கேட்கிறது. முகாம் பிள்ளைகளின் தாய் தகப்பன் ஞாயிறு மட்டும் வரலாம், ஆகஸ்டில் குடும்ப வாரம் ஒன்று. உங்கள் சட்டம் எனக்குத் தெரியும். ஜூன் வந்தால் அவளை ஓரிகானுக்கே கூட்டிப் போகலாம், யாரும் துரத்த மாட்டார்கள், காகிதமே கையில் இருக்கிறது. ஆனால் அந்தக் காரில் அவள் மறுபடி பாட ஆரம்பித்தால் என்னால் தாங்க முடியாது. என்ன செய்யட்டும்?

ஹாட்டி


மினோட் ஏரி
4 செப்டம்பர்

ஹாட்டி,

திங்கட்கிழமை வாரன் வந்து லிடியாவைக் கூட்டிக்கொண்டு போனான். எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டார்கள். படகுத்துறையைக் கழற்றிக் கரையேற்றிவிட்டேன், குடில்களுக்குப் பூட்டுப் போட்டாயிற்று.

போவதற்கு முந்தின வாரம் லிடியா மார்ஜியிடம் போய் நேருக்கு நேராகக் கேட்டாள், கோபமா என்று. "கோவம்தான். மூணு ராத்திரி உன்னால கனவு. அதுக்குத் தண்டனையா நாளைக்கி என்கூடத் தண்ணியில எறங்குறே" என்றாள் மார்ஜி. இறங்கினாள். பற்கள் அடித்துக்கொண்டன, ஆனால் இறங்கினாள். உன் கடிதங்களைப் பிரித்துவிட்டாள். ஒரே நாளில் எல்லாவற்றையும் படித்தாள், மிட்டாய் தின்கிற மாதிரி.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். பெர்னிஸுக்கு முழங்கால் போய்விட்டது. அவள் இல்லை என்கிறாள், ஆனால் அவள்தான் எழுதுகிறாள் என்பதால் இதைச் சரியாக எழுதுகிறாளா என்று எனக்குச் சந்தேகம். அடுத்த கோடைக்குச் சமையலறையில் கையுதவிக்கு ஓர் ஆள் வேண்டும். பாத்திரம், காய், ரொட்டி மாவு, சனிக்கிழமை பீன்ஸ். சம்பளம் கேவலமானது. சமையலறை ஆட்கள் கோடை முழுக்க இங்கேதான் தங்குவார்கள், அது எப்போதும் உள்ள சட்டம். உனக்காக ஒரு சட்டத்தையும் வளைக்கவில்லை. லிடியா பிள்ளைகள் குடிலில்தான் படுப்பாள். நீ பெர்னிஸ் பக்கத்து அறையில். பெர்னிஸ் குறட்டை விடுவாள். இதை எழுத மாட்டேன் என்றாள், எழுது என்றேன்.

ஆனால் முதலில் பிள்ளையைக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன், "உங்கம்மா கோடை பூரா இங்க வந்து வேலை செஞ்சா உனக்குச் சம்மதமா?" என்று.

சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அப்புறம், "அம்மா வரலாம். நல்லாத்தான் இருக்கும். ஆனா கார் சாவி அம்மாகிட்ட இருக்கக் கூடாது. நீங்க வாங்கி வெச்சுக்கணும்" என்றாள்.

இதை மாற்றியோ குறைத்தோ சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. அவள் சொன்னபடி சொல்லிவிட்டேன். உனக்குக் கோபம் வந்தால் ஏரியைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு வந்து பதில் எழுது. போர்ட்லண்டில் ஏரி இல்லையென்றால் கடலைச் சுற்ற முடியாது, தெருவையாவது சுற்று.

ஆல்சிட்


போர்ட்லண்ட்
14 செப்டம்பர்

அன்புள்ள ஆல்சிட்,

தெருவைச் சுற்றினேன். நிறையத் தடவை.

சமையலறை வேலைக்குச் சம்மதம். எந்த வாரத்தில் வர வேண்டும், என்ன உடுப்பு கொண்டுவர வேண்டும் என்று பெர்னிஸிடம் கேட்டு எழுதுங்கள். குறட்டையைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

சாவியை உங்களிடம் கொடுக்க மாட்டேன்.

லிடியா முகாமுக்கு வந்து இறங்குகிற அன்றைக்கே, அவளுடைய பெட்டியைத் தூக்குவதற்கு முன்னால், ஒரு கயிற்றில் கோத்து அவள் கழுத்தில் நானே மாட்டிவிடுகிறேன். இரவும் பகலும் அவளிடமே இருக்கட்டும். நீந்தும்போது மார்ஜியிடம் கொடுத்து வைப்பாளோ, எங்கே வைப்பாளோ, அது அவள் இஷ்டம். எனக்கு எங்காவது போக வேண்டும் என்று தோன்றினால், அவளிடம் போய், எங்கே போகிறேன், எப்போது திரும்புவேன் என்று சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். அவள் தர மாட்டேன் என்றால் போகவில்லை.

இதை அவளுக்கும் எழுதியிருக்கிறேன்.

ஹாட்டி